வாடகைச் சீட்டும் வாழும் வீடும்

சட்டத்தரணியின் தொழில் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் எழுவன கொலை வழக்குகளும் குறுக்கு விசாரணைகளுமே. கொழும்பு புதுக்கடையில் நான் தொழில் பயின்ற அறையிலோ அத்தகைய ஆரவாரம் எதுவும் இருந்ததில்லை. என் மூத்தவர் லண்டனிற் கற்றுத் திரும்பிய பாரிஸ்டர். இங்கே நியாயதுரந்தரராகப் பதிவு பெற்றவர். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் நியாயதுரந்தரர், பிரக்டர் என்ற வேற்றுமையை ஒழித்து எல்லாரையும் சட்டத்தரணிகள் ஆக்கிய பின்னரும், கட்சிக்காரர்களுக்கு அவர் 'பாரிஸ்டர் ஐயா'தான்.

அவர் மேசைமீது குவிந்து கிடந்தவை சோலைவரிச் சீட்டுகளும், வீட்டு வரைபடங்களும், மடித்து மடித்து நைந்துபோன வாடகைப் பற்றுச்சீட்டுகளுமே. வீட்டையும் சபையையும் பற்றிய வழக்குகளே அவர் தொழில்.

இவ்விரண்டும் ஏன் ஒன்றாயின? உலகப் போரின்போது, 1942இல், வாடகைக் கட்டுப்பாடு இந்நாட்டில் சட்டமாயிற்று. 1948இலும் 1972இலும் அது புதுக்கி இயற்றப்பெற்றது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீட்டின் நியம வாடகை, உள்ளூராட்சிச் சபை வரிக்காகச் செய்யும் வருடாந்த மதிப்பீட்டைக் கொண்டே கணிக்கப்படும். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் மற்றொரு வழியையும் வைத்தது. குடியிருப்பவர் வாடகையை வீட்டுக்காரரிடம் கொடுக்காமல், சபையின் அதிகாரம் பெற்றவரிடம் செலுத்தலாம். செலுத்திய அன்றே அது வீட்டுக்காரர் கைக்குச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும்.

இந்த வழியின் அருமையை எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு நாள் உணர்ந்தேன். பேலியகொடையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். கணவர் துறைமுகத் தொழிலாளி, காலமாகிவிட்டார். வாடகை 40 ரூபா. கணவரின் மறைவுக்குப் பின் வீட்டுக்காரர் பணத்தை வாங்க மறுத்தார். மூன்று மாதம் கழிந்ததும், நிலுவை என்று காரணங் காட்டி, வீட்டை விடும்படி அறிவித்தல் அனுப்பினார். நூறு ரூபாவுக்கு மேற்படாத நியம வாடகையுள்ள வீட்டுக்கு மூன்று மாத நிலுவை, வெளியேற்றப் போதிய காரணம் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

பாரிஸ்டர் ஐயா கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மா, சபைக்குப் போனீர்களா?"

"போனேன் ஐயா. முதலில் பாலத்தைக் கடந்து கொழும்பு மாநகர சபைக்குப் போனேன். உங்கள் வீடு எங்கள் எல்லையில் இல்லை, ஊர்ச் சபையிற் கட்டுங்கள் என்றார்கள். அன்றைக்கே திரும்பிப்போய்க் கட்டினேன்."

சேலைத் தலைப்பிலிருந்து மூன்று பற்றுச்சீட்டுகளை அவிழ்த்து வைத்தார். களனி கங்கைக்கு இக்கரையில் ஒரு சபை. அக்கரையில் வேறொரு சபை. 'நாளைக்குப் பார்ப்போம்' என்று அவர் அன்று வீடு திரும்பியிருந்தால், அந்தச் சீட்டுகளுள் ஒன்று காலங்கடந்ததாகியிருக்கும்.

குடியிருந்த கணவன் இறந்தால், உடன் வாழ்ந்த மனைவிக்கு வாடகையுரிமை தொடரும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. ஆகவே வழக்கில் வாதம் நீளவில்லை. சீட்டுகளிலிருந்த திகதிகளே பேசின. வீட்டுக்காரரின் வழக்கு தள்ளுபடியாயிற்று. அம்மையார் எங்களுக்குக் கைகூப்பியபோது, பாரிஸ்டர் ஐயா, "எனக்கு வேண்டாம் அம்மா, அன்று திரும்பி நடந்த உங்கள் கால்களுக்குச் சொல்லுங்கள்" என்றார்.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொடியவர் என்று சொல்ல நான் வரவில்லை. பல்லாண்டு உயராத வாடகையால் கூரையைச் செப்பனிடவும் வழியின்றி வருந்தியவர்களும் எங்களிடம் வந்ததுண்டு. பிற்காலத் திருத்தங்கள் பல வீடுகளுக்கு விலக்களித்தன. எழுத்து மூலம் குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவில் மீட்பதற்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்துள்ளது. தராசு இருபுறமும் ஆடியே வருகின்றது.

எனினும், ஆசிரியப் பெருமக்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. குடியியல் பாடத்தில் பாராளுமன்றத்தைப் பற்றிக் கற்பிக்கிறோம், நன்று. ஒரு நாளேனும் மாணவரைத் தத்தம் வீட்டுச் சோலைவரிச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, தாம் எந்தச் சபையின் எல்லையில் வாழ்கின்றனர் என்பதைப் படித்துக் காட்டச் செய்யுங்கள். அந்த அம்மையாருக்கு அது தெரிந்திருந்தால், பாலத்தை வீணே கடந்திருக்க வேண்டியதில்லை.