உங்களுக்குத் தெரியுமா? மக்கினால்தான் நார்க்கழிவு உரம்!

பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளை ஒட்டிக் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவு, தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மணற்பாங்கான மானாவாரி நிலத்துக்கு இது பெரிய வரம். ஆனால், 'அதைப் போட்டுத்தான் பயிர் மஞ்சளடித்தது' என்று விவசாயிகள் குறைப்படுவதும் உண்மையே. அந்தக் குற்றம் மக்காத கழிவுடையது. அதில் தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிமம் நூறு பங்குக்கும் அதிகம். அவ்வளவையும் செரிக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ள, பயிர் பட்டினி கிடக்கிறது.

இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி எளிது. ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்து. 100 கிலோ கழிவைப் பரப்பி வித்து தூவுவது, அதன்மேல் இன்னொரு 100 கிலோ பரப்பி ஒரு கிலோ யூரியா தூவுவது என்று மாறி மாறி அடுக்கி, நிழலில் ஈரம் காயாமல் 60 நாள் விட வேண்டும். எளிதில் மக்காத லிக்னினைக் காளான் உடைக்க, கழிவு கறுத்து, உதிரியாகி, மண்வாசம் வீசும். கரிமம்-தழைச்சத்து விகிதம் 24:1 அளவுக்கு இறங்கும். யூரியா வேண்டாம் என்பவர்கள் கோழி எரு சேர்க்கலாம். 'சத்து குறைவுதானே?' என்றால், ஆம், மக்கிய பின்னும் தழைச்சத்து ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். மண்ணின் பொலபொலப்புக்கும் ஈரத்துக்கும் இதை நம்பலாம், முழு உரத்தேவைக்கு நம்பக்கூடாது. உவர்நீரில் ஊறிய மட்டையின் கழிவென்றால், நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் பரிசோதித்த பிறகே வயலில் இட வேண்டும்.