கோலார் பாறையில் தங்கம் சேர்ந்த விதம்

புவியோட்டின் சாதாரணப் பாறையில் டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கமே இருக்கிறது. சுரங்கம் தோண்டிக் கட்டுப்படியாக வேண்டுமென்றால், டன்னுக்குச் சில கிராமாவது தேவை. ஏறத்தாழ ஆயிரம் மடங்கான இந்தச் செறிவு தற்செயலாக வருவதில்லை. தங்கத்தைத் தரும் மூலப்பாறை, அதைச் சுமக்கும் கரைசல், கரைசல் ஏறிவரப் பாறைப் பிளவு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூட வேண்டும். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இவை மூன்றும் கூடின.

இந்த வயல் அமைந்துள்ள கோலார் சிஸ்ட் பாறைப் பட்டை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டது. அகலம் சில கிலோமீட்டர்தான். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாகப் பொங்கி இறுகிய பசால்ட் வகைப் பாறைகளே இதில் மிகுதி. பட்டையின் இருபுறமும் உள்ள நைஸ் பாறைகள் வயதிலும் வேதிக் கூறிலும் வேறுபடுகின்றன. ஆகவே, தனித்தனியே உருவான இரண்டு நிலத்துண்டுகள் மோதி இணைந்த இடம் இது என்று புவியியலாளர் பலர் கருதுகின்றனர்.

அந்த மோதலில் பாறைகள் மடிந்து நிமிர்ந்தன. ஆழத்தில் வெந்து ஆம்ஃபிபோலைட் என்ற பாறையாக உருமாறின. உருமாற்றத்தின்போது கனிமங்களில் கட்டுண்டிருந்த நீரும், கார்பன் டை ஆக்சைடும், கந்தகமும் வெளியேறின. கந்தகத்தோடு சேர்ந்தால் தங்கம் வெந்நீரில் கரையும். எரிமலைப் பாறைகளில் சிதறிக் கிடந்த தங்கம் இப்படித்தான் கரைசலில் சேர்ந்தது என்பது பரவலான விளக்கம். இன்னும் ஆழத்திலிருந்து வந்த மாக்மாவும் தங்கத்தின் ஒரு பகுதியைத் தந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

கரைசல் மேலேறியது நறுக்கு வலயங்களின் வழியாக. பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த இந்த வலயங்களில் கரைசலின் அழுத்தம் கூடும்போதெல்லாம் பிளவு திறக்கும். பிரஷர் குக்கரின் வெயிட் எழும்பும்போது நீராவி பீறிடுவதுபோல் கரைசல் பாயும். அழுத்தம் சட்டெனக் குறைந்ததும், கரைந்திருந்த சிலிக்கா வெங்கச்சங்கல்லாகப் படியும். அதோடு தங்கமும் படியும். இது பலமுறை நடந்ததால், பிளவுகளை நிரப்பிய நாளங்கள் அடுக்கடுக்காக வளர்ந்தன. கோலாரின் முதன்மையான சாம்பியன் நாளம் அப்படி உருவானது. அதற்கு மேற்கிலுள்ள நாளங்களில் சல்பைடு மிகுதி. அங்கே பாறையிலிருந்த இரும்பு கரைசலின் கந்தகத்தைப் பற்றிக்கொள்ள, துணையிழந்த தங்கம் கரைசலை விட்டுப் பிரிந்து படிந்தது.

சாம்பியன் நாளம் மிகுந்த சாய்வோடு ஆழத்துக்கு இறங்கியதால், அதைத் தொடர்ந்த சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் அழுத்தம் ஓயாத பாறை வெடிப்புகளை உண்டாக்கியது. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள் உட்பட எண்ணற்ற தொழிலாளர்கள் அந்த ஆபத்தின் நடுவே உழைத்தார்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. தாதுவின் தரம் குறைந்து, செலவு ஏறியதால் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதே கர்நாடகத்தில், இதையொத்த பழம்பாறைப் பட்டையிலுள்ள ஹட்டி சுரங்கம் இன்றும் தங்கம் தருகிறது.