மலையகத்து மோட்டார் பந்தயங்கள்: கயிற்றுக்கு அப்பால் நிற்பவரின் உயிர்

சித்திரைப் புத்தாண்டு பிறந்ததும் நுவரெலியாவில் வசந்தகாலம் களைகட்டிவிடுகின்றது. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்பவற்றுடன் மோட்டார் பந்தயங்களும் அப்பருவத்தின் பிரிக்க முடியாத அங்கமாகிவிட்டன. டயகம, அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலை போன்ற பகுதிகளின் தோட்டத்து இளைஞர்களுக்கு, பெருஞ்செலவின்றி நேரில் காணக்கூடிய வேக விளையாட்டு இதுவேயாகும். தேயிலைச் சரிவில் நின்று வளைவில் சீறிவரும் காரைப் பார்ப்பதில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதம் கிடையாது. ஆனால், அந்தச் சரிவில் நிற்பவரின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நமது நாட்டில் தெளிவான பதில் வேண்டியிருக்கின்றது.

இவ்விளையாட்டு உலகில் எந்நிலையில் உள்ளது என்பதை முதலில் நோக்குவது பொருத்தமாகும். அமெரிக்காவில் கோடிக்கணக்கானோர் பார்க்கும் தொழில்முறைப் பந்தயம் 'ஸ்டொக் கார்' பந்தயமாகும். கடையில் வாங்கிய சாதாரண காரையே பந்தயத்தில் ஓட்டுவது என்பதே இப்பெயரின் ஆரம்பப் பொருள். 1948 இல் பில் பிரான்ஸ் என்பவரின் முயற்சியால் தோன்றிய நாஸ்கார் நிறுவனம், அடுத்த ஆண்டே அத்தகைய கார்களுக்கான போட்டித் தொடரை ஆரம்பித்தது. இன்று அப்பெயர் மாத்திரமே எஞ்சியுள்ளது. 2022 இல் அறிமுகமான புதிய தலைமுறைக் கார், பார்வைக்கு செவ்ரோலெட், போர்ட், டொயோட்டா வாகனங்களைப் போன்று தோன்றினாலும், உள்ளே முற்றிலும் பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்ட இயந்திரமாகும்.

அதன் பணபலமும் சாதாரணமானதல்ல. 2025 முதல் 7 ஆண்டுகளுக்கான தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமைகள் 7.7 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டன. இந்த வருமானத்தில் அணிகளுக்குரிய பங்கு எவ்வளவு, அணிகளின் நிரந்தர இடத்துக்கு உத்தரவாதம் உண்டா என்ற பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. கூடைப்பந்தாட்ட வீரர் மைக்கல் ஜோர்தான் பங்காளராக உள்ள அணியும் மற்றுமோர் அணியும் 2024 ஒக்டோபரில் தொடுத்த வழக்கு, 2025 டிசெம்பரில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே சமரசத்தில் முடிந்தது. அணிகளின் உரிமத்தை நிரந்தரமாக்குவதற்கு நாஸ்கார் இணங்கியது.

இக்களத்திலும் ஒரு தமிழர் தடம் பதித்துள்ளார். 2005 இல் போர்மியுலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதலாவது இந்தியரான கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன், 2010 இல் நாஸ்காரின் டிரக் வண்டித் தொடரில் போட்டியிட்டார். அவ்வாண்டில் அத்தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்களால் தெரிவு செய்யப்பட்டவரும் அவரே. சோழவரம் பழைய விமான ஓடுபாதையிலும், பின்னர் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் வளர்ந்த தமிழகப் பந்தயக் கலாசாரத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் டுபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் தனது பிரிவில் மூன்றாமிடம் பெற்றமை, மலையக இளைஞர் மத்தியிலும் இவ்விளையாட்டின் மீதான ஆர்வத்தை மேலும் கிளறிவிட்டது.

இலங்கையின் நிலை வேறானது. இங்கு பெருந்தொகை ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் இல்லை. அனுசரணையாளரின் தயவிலும் ஓட்டுநரின் சொந்தப் பணத்திலுமே பெரும்பாலும் பந்தயங்கள் நடைபெறுகின்றன. எனினும் நமது மலையகத்துக்கு இதில் ஒரு முதுமை உண்டு. நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தின் வரலாறு 1934 ஆம் ஆண்டுக்குச் செல்கின்றது. நானுஓயாவுக்கு அருகில் ராதல்லையிலும் இத்தகைய பந்தயம் நடத்தப்பட்டு வந்துள்ளது. மலையேற்றப் பந்தயத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். குறைந்த நேரத்தில் உச்சியை அடைபவரே வெற்றியாளர். 'சுப்பர்குரோஸ்' எனப்படும் பந்தயத்திலோ மண் தடத்தில் பல கார்கள் ஒரே வேளையில் முட்டிமோதி ஓடும். ஆபத்தும் அதற்கேற்பப் பெருகும்.

உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல், கொவிட் தொற்று, பொருளாதார நெருக்கடி என அடுத்தடுத்து வந்த இடர்களால் இவ்விளையாட்டு முடங்கிப்போனது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அந்நிலையில், 5 வருட இடைவெளிக்குப் பின்னர் 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையில் பொக்ஸ்ஹில் சுப்பர்குரோஸ் நடத்தப்பட்டபோது பெருந்திரளான மக்கள் அங்கு கூடியதில் வியப்பில்லை.

அன்று நடந்ததை நாடே அறியும். கார் ஒன்று தடத்தின் ஓரத்தில் கவிழ்ந்ததும், ஏனைய ஓட்டுநர்களை எச்சரிக்க மஞ்சள் சமிக்ஞை காட்டப்பட்டது. ஆயினும் போட்டி தொடர்ந்தது. கட்டுப்பாட்டை இழந்த மற்றொரு கார் தடத்தைவிட்டு விலகிப் பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 8 வயதுச் சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தனர். 20 இற்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். இறந்தவர்களுள் போட்டிக்கு உதவிய தடப் பணியாளர்களும் அடங்குவர்.

இத்தகைய விபத்துகள் வேறெங்கும் நிகழவில்லை என்பதல்ல. 1955 இல் பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தில் கார் ஒன்று கூட்டத்துக்குள் சிதறியதில் 80 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனையடுத்து சுவிட்சர்லாந்து தடப் பந்தயங்களையே தடைசெய்தது. அத்தடை பல தசாப்தங்கள் நீடித்தது. நாஸ்கார் வேறு வழியை நாடியது. 2001 பெப்ரவரியில் டேட்டோனா பந்தயத்தின் இறுதிச் சுற்றில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் பலியானார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே கழுத்தையும் தலையையும் காக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல், மோதலின் வேகத்தை உள்வாங்கும் உருக்குச் சுவர்கள் தடங்களில் எழுந்தன. 2003 இல், மஞ்சள் கொடி உயர்ந்த கணத்திலேயே கார்களின் நிலைகள் உறைந்துவிடும், எவரும் முந்த முடியாது என்ற விதி வந்தது. அதன் பின்னர் நாஸ்காரின் மூன்று முதன்மைத் தேசியத் தொடர்களில் பந்தய விபத்தால் எந்த ஓட்டுநரும் உயிரிழக்கவில்லை.

பார்வையாளர் விடயத்திலும் இதே பாடம் உண்டு. 2013 இல் டேட்டோனாவில் ஒரு கார் வானில் எழுந்து பாதுகாப்பு வேலியில் மோதிச் சிதறியது. ஏறத்தாழ 30 ரசிகர்கள் காயமடைந்தபோதிலும், காரின் பெரும்பகுதியை வேலி தடுத்து நிறுத்தியதால் எவரும் உயிரிழக்கவில்லை. தியத்தலாவையில் கூட்டத்துக்கும் காருக்குமிடையில் அத்தகைய வேலி இருந்திருந்தால் அந்தச் சிறுமி இன்று பாடசாலை சென்றுகொண்டிருக்கக்கூடும்.

ஆகவே, பந்தயங்களைத் தடைசெய்வது இதற்குப் பரிகாரமாகாது. வசந்தகாலத்தை நம்பி வாழும் விடுதிக்காரர், வாகனச் சாரதிகள், நடைபாதை வியாபாரிகள் ஆகியோரின் வருவாயும் இதனுடன் பிணைந்துள்ளது. செய்ய வேண்டியவை வேறு. ஒவ்வொரு தடத்தையும் போட்டிக்கு முன்னர் ஏற்பாட்டாளர் சாராத நிபுணர் பரிசோதித்துச் சான்றளிக்க வேண்டும். வளைவின் வெளிப்புறத்தில் எவரையும் நிற்க அனுமதிக்கலாகாது. கட்டுப்பாட்டை இழந்த கார் பாய்வது அத்திசையிலேயே என்பது எளிய பௌதிகம். கொள்ளக்கூடிய அளவுக்கு மேல் கூட்டத்தைச் சேர்க்கக் கூடாது. தடத்தில் கார் கவிழ்ந்தால் எச்சரிக்கையுடன் நின்றுவிடாது, போட்டியையே நிறுத்த வேண்டும். பார்வையாளருக்கும் தடப் பணியாளருக்கும் காப்புறுதி கட்டாயமாக்கப்பட வேண்டும்.

பார்வையாளருக்கும் கடமை உண்டு. கட்டியுள்ள கயிறு காரைத் தடுக்காது. அது மனிதருக்கு இடப்பட்ட எல்லை மாத்திரமே. கைத்தொலைபேசியில் படம் பிடிப்பதற்காக அதனைத் தாண்டும் இளைஞர், தமது உயிரைப் பணயம் வைப்பதை உணர வேண்டும்.

இறுதியாக ஒன்றைக் கூறியாக வேண்டும். பந்தயத் தடத்தில் ஓட்டுநருக்குத் தலைக்கவசமும் இருக்கைப் பட்டியும் உண்டு. டயகமவிலிருந்து தலவாக்கலைக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு செல்லும் மாணவனுக்கு அவை இல்லை. 2023 ஜனவரியில் ராதல்லைக் குறுக்கு வீதியில் 7 உயிர்களும், 2025 மே மாதத்தில் கொத்மலை கெரண்டிஎல்லையில் 20 இற்கும் மேற்பட்ட உயிர்களும் பறிபோயின. அவை பந்தயங்கள் அல்ல, அன்றாடப் பயணங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் அறிவைப் பந்தயத் தடம் கற்றுத்தருமாயின், அதனை நமது மலைவீதிகளுக்கும் கொண்டுவருவதே மாண்டவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.