அடுக்கில் பிறக்கும் நிறம்

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கம், மழை விட்டதும் காபிச் செடிகளுக்கு அடியில் நத்தை ஓடுகள் கிடக்கும். உடைத்து உள்ளே பார்த்தால் மங்கிய வெள்ளைதான். மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியைத் திறந்தாலோ உட்புறத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடுகின்றன. இரண்டும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதுவும் அரகோனைட் என்ற ஒரே படிக வகை. அந்த வண்ண ஓட்டத்துக்குச் சாயம் காரணமில்லை.

வித்தியாசம் அடுக்கில் இருக்கிறது. மாவு தூவி அடுக்கிய அப்பளக் கட்டைப் போல, சிப்பி நுண்ணிய தட்டைத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைக்கிறது. ஒரு தகட்டின் தடிமன் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர். மில்லிமீட்டரில் 2,000-ல் ஒரு பங்கு. தகடுகளுக்கு நடுவே கைட்டினும் புரதமும் சேர்ந்த மெல்லிய ஏடு. நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். தகடும் ஒளியலையும் இப்படி அளவில் நெருங்கி அமைந்ததுதான் அதிசயம். அடுக்கடுக்காகத் திரும்பிவரும் அலைகள் ஒன்றுகூடும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அடங்குகின்றன. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் நகர்கிறது.

ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1814-ல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகப் பிடித்தது. சிப்பியை மெழுகில் பதித்து எடுத்தார். மெழுகிலும் வண்ணம் வந்துவிட்டது! எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை. மேற்பரப்பில் தகடுகளின் ஓரங்கள் நுண்வரிகளாகத் துருத்துகின்றன. மெழுகு அந்த வரிகளை அச்செடுத்துக்கொண்டது, வரிகள் ஒளியைப் பிரித்தன. மெழுகுக்கு இறங்காத நிறங்களும் உண்டு. அவை உள்ளடுக்குகள் தருபவை.

திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன், நோபல் பரிசு பெற்ற சில ஆண்டுகளிலேயே, பெங்களூரில் இருந்துகொண்டு இந்தச் சிப்பிகளை ஆராய்ந்தார். 1934-ல் தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் அதைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதினார். கடற்கரையில் குழந்தைகள் பொறுக்கும் பொருள் அவருக்குப் பெரிய கேள்வியாகப் பட்டிருக்கிறது.

கைவினைஞர்களோ வெகு முன்பே இந்த நிறத்தைக் கையாளக் கற்றிருந்தார்கள். கர்நாடகத்தின் பீதர் கோட்டையில், 16-ஆம் நூற்றாண்டின் பரீத் ஷாஹி காலத்து ரங்கீன் மகாலில், கருங்கல்லைக் குடைந்து சிப்பித் துண்டுகளைக் கொடியும் பூவுமாகப் பதித்திருக்கிறார்கள். சுற்றிலும் கறுப்பு இருப்பதால் நிறம் தூக்கலாகத் தெரிகிறது. தேர்ந்த கண் அது.

சுண்ணாம்புப் பொருளை அத்தனை மெல்லிசாக அறுத்தால் நொறுங்கிவிடாதா? அங்கேயும் அடுக்குதான் காக்கிறது. விரிசல் நேராக ஓட முடியாது. தகட்டுக்குத் தகடு வளைந்து, இடையிலுள்ள ஏட்டை இழுத்துக் கிழித்துக்கொண்டே போகவேண்டும். அதில் அதன் வலு தீர்ந்துவிடுகிறது. வெறும் அரகோனைட்டைவிட இதைப் பிளக்கச் சுமார் 3,000 மடங்கு ஆற்றல் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அமிலம் மட்டும் ஆகாது. வீட்டில் சிப்பி பதித்த பழைய பெட்டி இருந்தால் எலுமிச்சையோ வினிகரோ போட்டுத் தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, உடனே உலரவிட்டால் போதும்.