ஓங்கிய கையை நிறுத்திய மூன்று சொற்கள்

எந்த நாட்டாரும் பேசாத மொழி. அந்த மொழியிலே மூன்றே சொற்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகம் அவற்றை மறக்கவில்லை. "கிளாட்டு பராடா நிக்டோ!" இதற்குப் பொருள் என்ன?

1951-ஆம் ஆண்டு. ஹிரோஷிமா எரிந்து ஆறே ஆண்டுகள், கொரியாவிலே போர். அந்த வேளையில் அமெரிக்காவில் வெளிவந்தது 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' என்ற படம். பூமி அசையாது நின்ற நாள் என்று பொருள். இயக்கியவர் ராபர்ட் வைஸ். ஹாரி பேட்ஸ் 1940-இல் எழுதிய கதைதான் மூலம். ஆனால் அந்தக் கதையில் இந்தச் சொற்கள் இல்லை; எட்மண்ட் நார்த் எழுதிய திரைக்கதையில்தான் பிறந்தன.

வேற்றுலகிலிருந்து வாஷிங்டன் நகரில் வந்து இறங்குகிறான் கிளாட்டு. கையிலே பரிசுப் பொருள். என்னவென்று கேட்டார்களா? இல்லை, சுட்டான் ஒரு சிப்பாய்! பிழைத்தவனைப் பின்னரும் துரத்திச் சுட்டு வீழ்த்தினார்கள். அவனுடைய காவலனோ ஓர் எந்திர மனிதன்; உலகையே பொசுக்கும் வல்லமை படைத்தவன். அவன் விழித்தெழுந்தபோது எதிரே போய் நின்றது யார்? படைத்தளபதியா? குடியரசுத் தலைவரா? இல்லை! போரிலே கணவனைப் பறிகொடுத்து, அலுவலகத்தில் வேலை பார்த்து மகனை வளர்க்கும் ஹெலன் என்ற பெண்! கிளாட்டு சொல்லிக் கொடுத்திருந்த சொற்களை அவள் நடுங்கியபடியே சொன்னாள். அழிக்க வந்தவன் நின்றான். தலைவனின் உடலைத் தூக்கி வந்து உயிர் கொடுக்கப் புறப்பட்டான்.

படம் முடியும்வரை யாரும் பொருள் கூறவில்லை. கிளாட்டு என்பது அவன் பெயர். மற்ற இரண்டுக்கும் பலர் பலவாறு பொருள் கூறினர். நமக்கு அகராதி எதற்கு? 'பழி வாங்காதே, காப்பாற்று' என்பதுதான் பொருள். நடந்த செயலே உரை!

பிறகு அந்தச் சொற்கள் என்னவாயின? 1970-களில் கனடா நாட்டு இசைக்குழு ஒன்று 'கிளாட்டு' என்று பெயர் சூட்டிக்கொண்டது. 1983-இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடி' படத்தில் மூன்று சொற்களும் ஒரு கொள்ளைத் தலைவனின் அடியாட்களுக்குப் பெயர்களாயின. சமாதானச் சொல் அடியாளின் பெயரான விந்தையைப் பாருங்கள்! 1992-இல் 'ஆர்மி ஆஃப் டார்க்னஸ்' படத்து வீரன், இவற்றை ஒட்டிய மந்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனான். கடைசிச் சொல் மறந்துபோக, இருமி மழுப்பினான். விளைவு? செத்தவர்கள் படை திரட்டி எழுந்தார்கள்! திரையரங்கு சிரித்தது. நாமும் சிரிக்கலாம், சிரித்தபின் சற்றே சிந்திக்கவும் வேண்டும்.

முழக்கங்கள் நம்மிடமும் உண்டு. ஊர்வலத்திலே தொண்டை வறளக் கூவுகிறோம். அது எந்த நாளில், யாருக்காக, எந்தக் கொடுமையைத் தடுக்கப் பிறந்தது என்பதை மறந்தால், அது வெறும் ஓசை, மழுப்பிய மந்திரம்.

படத்தின் முடிவில் கிளாட்டு நீண்ட உரை ஆற்றுகிறான். சண்டையை விண்ணுக்குக் கொண்டுவந்தால் உங்கள் பூமி சாம்பலாகும் என்று எச்சரிக்கிறான். அது அச்சத்தால் விளையும் அமைதி. ஹெலன் சொன்னதோ வேண்டுகோள். மக்கள் நாவில் நிலைத்தது எது? வல்லவனின் எச்சரிக்கை அல்ல. உழைத்துப் பிழைக்கும் ஒரு பெண், உயிரைப் பணயம் வைத்துச் சொன்ன மூன்று சொற்கள்!

சொல்லுக்கு வலிமை அகராதியால் வருவதில்லை தோழர்களே! துணிந்து சொல்பவரால் வருகிறது!