முழங்காலுக்குள் என்ன நடக்கிறது, தெரியுமா?

இரண்டு மாதமாகப் படி இறங்கும்போதெல்லாம் முழங்காலில் சுள்ளென்று ஒரு வலி. தைலம் தேய்த்தாயிற்று, நீ-கேப் மாட்டியாயிற்று, ‘வயசாச்சுல்ல’ என்று பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்பும் சொல்லியாயிற்று. பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பார்ப்பதா, இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பதா? முடிவெடுக்கும் முன் அந்த மூட்டுக்குள் ஒரு சுற்று போய்விட்டு வருவோம், வாருங்கள்!

எலும்பின் நுனியைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு வலிக்கவே தெரியாது, தெரியுமா? அதில் நரம்பே கிடையாது! ரத்தக் குழாயும் கிடையாது! ‘தேய்ஞ்சு போச்சு’ என்று ஊரே பயப்படும் அந்தப் பொருளால் ‘ஆ’ என்றுகூடச் சொல்ல முடியாது. கத்துவதெல்லாம் அக்கம்பக்கம்தான்: மூட்டைச் சுற்றிய சவ்வு, அடியில் இருக்கும் எலும்பு, தசைநார், சில்லுக்குக் கீழே ஒளிந்திருக்கும் கொழுப்புத் திட்டு.

ரத்தம் வராத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? இங்கேதான் வேடிக்கை. கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி நீரை வெளியே விடுகிறது, தூக்கும்போது மூட்டுத் திரவத்தை உள்ளே இழுக்கிறது, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் போல! நடந்தால்தான் அதற்குச் சோறு. நல்ல முழங்காலில் அந்தத் திரவம் ஒரு டீஸ்பூன்கூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டே, பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைந்த உராய்வில் மூட்டு வாழ்நாளெல்லாம் ஓடுகிறது. ‘வலிக்குதா, அசையாம உக்காரு’ என்ற அன்பான கட்டளையை வாரக்கணக்கில் கடைப்பிடித்தால், மூட்டைப் பட்டினி போடுகிறோம் என்று அர்த்தம்.

சரி, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா? முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை எல்லாம் 2015-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு வட்டில் தேய்மானம்! 80 வயதில் 96 சதவீதம்! யாருக்கும் வலி இல்லை என்பதை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். முழங்காலிலும் இதே கூத்துதான். எக்ஸ்ரேயில் மூட்டு பரிதாபமாகத் தெரியும், ஆள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருப்பார். படத்தில் எல்லாம் பளிச்சென்று இருக்கும், ஆளால் பஸ் ஏற முடியாது.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி அமெரிக்காவின் ஹூஸ்டனில் காத்திருந்தது. புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு அறுவை நிபுணர், முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குத் துளை போட்டு மூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். இன்னொரு குழுவுக்கு உள்ளே கழுவி மட்டும் விட்டார். மூன்றாவது குழுவுக்குத் தோலில் கீறல் போட்டு, சத்தமும் சலசலப்புமாக நாடகம் நடத்தி, உள்ளே எதையுமே தொடாமல் தைத்து அனுப்பிவிட்டார்! இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. 2002-ல் இந்த முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் வாயடைத்துப் போனது. 2013-ல் பின்லாந்துக்காரர்கள், தேய்மானம் இல்லாமல், மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் ‘மெனிஸ்கஸ்’ மட்டும் நைந்து கிழிந்திருந்த 146 பேரிடம் இதே பாணியில் சோதித்தார்கள். ஒரு வருடம் கழித்து அங்கேயும் அதே கதை! (மூட்டு பூட்டிக்கொண்டு மடக்கவோ நீட்டவோ முடியாதவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்களுக்கு அறுவை தேவைப்படலாம்.)

அப்படியானால் பிசியோ என்னதான் செய்கிறார்? முழங்கால் வீங்கினால் தொடையின் முன்தசைக்கு நரம்பு வழியாக ‘வேலையைக் குறை’ என்று உத்தரவு போய்விடும், தெரியுமா? நீங்கள் எவ்வளவு முக்கினாலும் தசை முழுப் பலத்தைத் தராது. தசை இளைத்தால் மூட்டுக்குச் சுமை கூடும், சுமை கூடினால் வலி, வலித்தால் மறுபடி உட்கார்ந்துவிடுவோம். இந்தச் சுழலை எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வித்தை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. எடையில் 1 கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும்!

வலி பொய் சொல்லும் என்பது தெரியுமா? இடுப்பு மூட்டில் கோளாறு, வலி முழங்காலில்! குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். பித்தப்பையில் கல், வலி வலது தோளில்! மாரடைப்பு, வலி இடது தோளில்! முட்டியைக் காட்டப் போன உங்களை நடக்கச் சொல்லி, இடுப்பைத் திருகி, கணுக்காலை மடக்கிப் பார்த்தால் ‘இவர் என்ன சம்பந்தமில்லாமல்…’ என்று நினைக்காதீர்கள். ஆள் கெட்டிக்காரர்.

வலி இருக்கட்டும், மூட்டில் கேட்கும் சத்தம்? விரலில் நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வருமா? அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர் 50 வருடத்துக்கும் மேலாக இடது கையில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்தார். இரண்டு கையிலும் ஒன்றுமில்லை! 2009-ல் அவருக்கு ‘இக் நோபல்’ என்ற கேலிப் பரிசும் கிடைத்தது. வலியும் வீக்கமும் இல்லாத ‘களக் களக்’ சத்தத்துக்காக யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது முடிவுக்கு வருவோம். காலையில் எழுந்ததும் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். வயது 45-க்கு மேல், வேலை செய்தால் வலி, காலை இறுக்கம் இல்லை அல்லது அரைமணிக்குள் விலகிவிடுகிறது என்றால், எக்ஸ்ரேகூட இல்லாமலே தேய்மான வலி என்று கணிக்கலாம் என்கிறது மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு. நேராக பிசியோவிடம் போகலாம். ஆறேழு வாரம் பொறுத்துப் பார்த்தும் குறையாத வலிக்கு இன்னும் நாள் பார்ப்பதில் லாபமில்லை. இறுக்கம் ஒரு மணி நேரம் நீடிக்கிறதா, பல மூட்டுகள் சேர்ந்து வீங்குகின்றனவா? அது முடக்குவாதமாக இருக்கலாம், முதலில் மருத்துவர். சிக்குன்குனியா வந்து போனபின் மாதக்கணக்கில் விடாத வலிக்கும் முதலில் மருத்துவர்தான். சர்க்கரை உள்ளவருக்குத் தலைவாரக் கை எழும்பவில்லை என்றால் உறைந்த தோளாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி! அடிபட்ட பின் நாலு எட்டு வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே. இந்த ‘நாலு எட்டு’ கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதியில் உள்ளது.

போலியோ பாதித்த பிள்ளைகளுக்காக 1953-ல் மும்பையில் பிசியோதெரபிப் பள்ளி தொடங்கி, நம் நாட்டில் வளர்ந்த தொழில் இது. விபத்துக்குப்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையத்தையே எழுப்பிக் காட்டினார்! 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது.

ஒன்றே ஒன்று. போன இடத்தில் தினமும் கரண்ட் மெஷினை மட்டும் மாட்டிப் படுக்கவைத்து, ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தராமல் அனுப்புகிறார்களா? தேய்மான வலிக்கு அந்த மின்சிகிச்சைகளைத் தரவேண்டாம், உடற்பயிற்சிதான் பிரதானம் என்று 2022-ல் நைஸ் அமைப்பு சொல்லிவிட்டது. தயங்காமல் இடத்தை மாற்றுங்கள். பயிற்சி தொடங்கிய புதிதில் வலி கொஞ்சம் கூடலாம், அதில் பயமில்லை. முட்டிக்கு மேல் சுருட்டக்கூடிய தளர்வான உடையில் போங்கள். வீட்டில் எதை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்வது, எவ்வளவு வலி வரை செய்யலாம், எப்போது திரும்ப வருவது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.