கணையத்தின் திறனறிய எளிய சோதனை: ஏழைகளை எட்டுவது எப்போது?

புது தில்லி: வயிறார உண்டும் உடல் மெலிகிறது, மலம் எண்ணெய்ப் பசையுடன் கழிகிறது. இத்தகைய நோயாளிகளின் கணையம் போதிய செரிமான நொதிகளைச் சுரக்கவில்லையோ என மருத்துவர்கள் ஐயுறுவது வழக்கம். அதை உறுதி செய்வதுதான் நெடுங்காலம் கடினமாக இருந்தது.

இந்தியாவுக்கு இது அயலான பிரச்னை அல்ல. மது அருந்தாத இளம் வயதினரையும் தாக்கும் வெப்பமண்டலக் கணைய அழற்சியைக் கேரள மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் 1960-களில் விரிவாகப் பதிவு செய்தார். சிறு வயதில் வயிற்று வலி, பின்னர் கணையத்தில் கற்கள், இளமையிலேயே நீரிழிவு என்பதே அந்நோயின் போக்கு. மரவள்ளிக் கிழங்கே காரணம் என ஒரு காலத்தில் கருதப்பட்டது. அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. "ஸ்பிங்க்-1" என்ற மரபணுவின் மாற்றத்துக்கு இதில் பங்குண்டு என்பதை 2000-க்குப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

சிறுகுடல் வரை குழாய் செலுத்தி, ஹார்மோன் ஊசி போட்டுக் கணைய நீரைச் சேகரிப்பது பழைய முறை. பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே அது இயலும். மற்றொரு முறையில், நாள்தோறும் 100 கிராம் கொழுப்பு உண்டு, மூன்று நாள் மலம் முழுவதையும் சேகரித்துத் தர வேண்டும்.

இந்தச் சிரமங்களுக்கு 1990-களில் மாற்று கிடைத்தது. கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி குடலில் பெரிதும் சிதையாமல் மலத்துடன் வெளியேறுகிறது. ஒரு கிராம் மலத்தில் அதன் அளவு 200 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் பற்றாக்குறை இருக்கக்கூடும். 100-க்குக் கீழ் இருந்தால் கடுமையான பற்றாக்குறை எனக் கொள்ளப்படுகிறது. பன்றிக் கணையத்திலிருந்து தயாராகும் நொதி மருந்தை உட்கொள்வோர் அதை நிறுத்த வேண்டியதில்லை. மனித நொதியை மட்டும் இனங்காணும் வகையில் சோதனை அமைந்துள்ளது.

குறைகளும் உண்டு. மலம் நீர்த்திருந்தால் அளவு தவறாகக் குறைந்து காட்டும். தொடக்க நிலைப் பாதிப்பு பிடிபடாமலும் போகலாம். எனவே அறிகுறிகளுடனும் ஸ்கேன் முடிவுகளுடனும் சேர்த்தே இதை எடை போட வேண்டும்.

ஆயினும் ஏழை நாட்டுக்கு இதில் பெரும் அனுகூலம் இருக்கிறது. சிறிதளவு மாதிரி போதும். சில நாள்கள் கெடாது. நோயாளி நகரத்துக்கு அலையாமல் மாதிரியை மட்டும் அனுப்பி வைக்கலாம். எச்.ஐ.வி. சோதனைக்குப் பயன்படும் எலைசா கருவியே இதற்கும் உதவும்.

எந்தப் பரிசோதனை எந்த நிலை மருத்துவமனையில் கிடைக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் தேசியப் பட்டியலை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2019-இல் முதன்முறையாக வெளியிட்டது. ஆனால் மருத்துவமனைகள் மாநில அரசுகளின் பொறுப்பு. மாவட்ட மருத்துவமனையில் மாதிரியைப் பெற்று மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவை அவையே.

கணையக் குறைபாடு கண்டறியப்பட்டால், உணவுடன் நொதி மருந்து கொடுத்து ஊட்டச்சத்து இழப்பைக் குறைக்க இயலும். கண்டறியப்படாதவரை, ஏழைக் குடும்பம் அரும்பாடுபட்டு ஊட்டும் உணவும் குழந்தையின் உடலில் சேராமல் வீணாகிறது.